கோபோலை ஜாவாவுக்கு மாற்றினால் மெயின்ஃப்ரேம் பில் குறையுமா?

மார்த்தாண்டம்_மேம்பாலம் கேட்டது:

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். நான் மார்த்தாண்டத்துக்காரி, வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பிரீமியம் கணக்கு எங்கள் டீமிடம் இருக்கிறது. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியில் ஓடுகிறது. பகலில் சிஐசிஎஸ் (ஆட்கள் திரையில் உடனுக்குடன் செய்யும் வேலை), இரவில் பேட்ச் (மொத்தமாக ஓடும் கணக்கு). பேட்ச் முழுக்கக் கோபோல் என்ற பழைய மொழி, டிபி2 டேட்டாபேஸ், கொஞ்சம் விசாம் வகை ஃபைல்கள். சில ப்ரோகிராம்களின் தலையில் நான் பிறப்பதற்கு முந்தைய தேதி இருக்கிறது, இன்னும் ஒழுங்காக ஓடுகிறது.

இப்போது மேலே இருந்து ஒரு யோசனை வந்திருக்கிறது. கோபோல் ஓடினால் மாதாமாதம் ஐபிஎம்முக்குக் காசு கட்ட வேண்டும், ஜாவா என்றால் ஸிப் இன்ஜினில், அதாவது சில வகை வேலைக்கென்றே உள்ள தனி ப்ராஸசரில் ஓடும், அதற்குக் காசு கிடையாது, ஆகவே பேட்ச் ப்ரோகிராம்களை ஒவ்வொன்றாக ஜாவாவில் எழுதிவிடலாம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பெட்டி, அதே சிப், எந்த மொழியில் எழுதினோம் என்பதை வைத்து எப்படிக் காசு மாறும்? கூட்டத்தில் கேட்டேன், "அது அப்படித்தான்" என்றார்கள், அதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று என் சொந்தக் கவலை. கோபோலை விட்டுவிட்டு ஜாவா பக்கம் போய்விடட்டுமா? ஊரில் படித்த கூட்டாளிகள் எல்லாரும் "நீ இன்னும் அதிலேயா கிடக்கிற" என்றுதான் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.


கோட்டாறு_கபாசிட்டி:

தங்கச்சி, நான் பெட்டிக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று கணக்குப் போடும் கபாசிட்டி ப்ளானிங் பக்கம் வேலை செய்கிறவன், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். மொழியை வைத்துக் காசு இல்லை, எந்த இன்ஜினில் ஓடியது என்பதை வைத்துத்தான் காசு. எந்த இன்ஜினில் ஓடலாம் என்பதை மட்டும் ஓரளவு மொழி முடிவு செய்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் கோர்கள் எல்லாம் ஒரே மாதிரி தயாரானவை. வாங்கும்போது மைக்ரோகோட் மூலம் "நீ பொது வேலைக்கான சாதா சிபி, நீ ஸிப், நீ ஐஎஃப்எல்" என்று வேலை பிரித்துக் கொடுக்கிறார்கள். லினக்ஸுக்கான ஐஎஃப்எல் 2000-இல் வந்தது, ஜாவாவுக்கான ஸாப் 2004-இல், டிபி2 வேலைக்கு என்று ஸிப் 2006-இல். 2009-இல் ஸாப் வேலையை ஸிப்பிலேயே ஓட்டலாம் என்று விட்டார்கள், 2015-இல் ஸெட்13 என்ற மாடல் வந்தபோது ஸாப்பையே எடுத்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு ஜாவா என்றால் ஸிப். புதிய வகை வேலைகள் எல்லாம் மலிவான யூனிக்ஸ், லினக்ஸ் பெட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பழைய வேலையின் விலையில் கைவைக்காமல் புதிய வேலையை மட்டும் மலிவாக்க ஒரு வழி வேண்டியிருந்தது, அதுதான் இந்தத் தனி இன்ஜின்கள் என்பது என் கருத்து.

சாஃப்ட்வேர் மாதக் கட்டணம் எம்எஸ்யூ, அதாவது பெட்டி எவ்வளவு வேலை செய்தது என்ற அளவின் கணக்கில் வருகிறது. ஸெட்ஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், டிபி2, சிஐசிஎஸ், செய்தி அனுப்பும் எம்க்யூ எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. ஸிப்பில் எவ்வளவு ஓடினாலும் அந்த எம்எஸ்யூவில் சேராது, பெட்டியில் ஸிப்பைக் கூட்டினாலும் பெட்டியின் எம்எஸ்யூ கூடாது. "காசு கிடையாது" என்று உங்கள் ஆட்கள் சொல்வது இந்த அளவுக்கு உண்மை. ஆனால் ஸிப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும், பராமரிப்புக் கட்டணம் உண்டு. சும்மா வருவது அல்ல.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது. அந்த எம்எஸ்யூவை எப்படி அளக்கிறார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது பேசினார்களா? பழைய முறையில் மாதம் முழுக்க ஓடியதைக் கூட்டிக் காசு வாங்குவதில்லை. கடைசி நாலு மணி நேரத்தின் சராசரி என்ன என்று விடாமல் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், மாதத்தில் அந்தச் சராசரி எந்த ஒரு மணியில் உச்சத்துக்குப் போனதோ அந்த உச்சத்துக்குத்தான் பில். மாதத்தின் 2-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரைக்குமான சிஸ்டமே எழுதி வைக்கும் எஸ்எம்எஃப் பயன்பாட்டு ரெக்கார்டுகளை எஸ்சிஆர்டி என்ற டூலில் போட்டு, 9-ஆம் தேதிக்குள் ரிப்போர்ட் அனுப்புவார்கள். குளச்சலில் ஐஸ் பிளாண்ட் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். உயர் அழுத்த மின்சார ஹெச்டி கனெக்‌ஷனில் யூனிட் கணக்குக்கு ஒரு காசு, அந்த மாதம் எட்டிய அதிகபட்ச டிமாண்டுக்குத் தனியாக ஒரு காசு. கம்ப்ரசர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் டிமாண்ட் எகிறும். நாலு மணி நேரச் சராசரி என்பது அந்த டிமாண்ட் சார்ஜ்தான்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு, பகல் சிஐசிஎஸ் உச்சம் 900 எம்எஸ்யூ, இரவு பேட்ச் உச்சம் 600 என்று வையுங்கள். பெரும்பாடு பட்டு ஜாவாவில் எழுதி இரவை 400 ஆக்கிவிட்டீர்கள். பில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 900-க்குத்தான் பில், அது பகலில் நிற்கிறது. அதே இரவு பேட்ச்தான் உச்சம் என்றால் கதை வேறு. அப்போதும் குறைந்த அளவு அடுத்த உச்சம் வரைதான், அதற்குக் கீழே நீங்கள் மிச்சம் பிடிப்பது பில்லில் தெரியாது.

2019-இல் டெய்லர்டு ஃபிட் ப்ரைசிங் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு மாறிய கம்பெனி என்றால் உச்சத்தைப் பார்ப்பதில்லை, மொத்தமாகச் செலவான எம்எஸ்யூவுக்குக் கணக்கு. அங்கே நடுராத்திரியில் மிச்சமானதும் மிச்சம்தான். ஆகவே முதலில் உங்கள் கிளையன்ட் எந்த முறையில் இருக்கிறார், உச்சம் எப்போது வருகிறது, இந்த இரண்டையும் கேட்டு வாருங்கள். இது தெரியாமல் மொழியைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.


தக்கலை_ஜாவா:

கோட்டாறு அண்ணன் பில் பக்கம் சொல்லிவிட்டார், நான் ஸெட்ஓஎஸ்ஸில் ஜாவா எழுதிக்கொண்டிருப்பவன், ப்ரோகிராம் பக்கம் சொல்கிறேன். எனக்கு ஜாவா பிடிக்கும், அதற்கு எதிராகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஜாவாவில் எழுதினால் எல்லாமே ஸிப்புக்குப் போகும் என்பது தவறான எண்ணம். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்குள் ஜாவா கோட் ஓடும் நேரம் போகும். அங்கிருந்து ஜாவா அல்லாத நேட்டிவ் கோடைக் கூப்பிட்டால் அந்தப் பகுதி சிபிக்குத் திரும்பிவிடும். அதே ஸெட்ஓஎஸ்ஸில் இருக்கும் டிபி2-வை நேரடி இணைப்பான டைப் 2 டிரைவர் வழியாகக் கூப்பிடுகிறீர்கள் என்றால் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கேள்வி) வேலை முழுக்க சிபியில்தான் நடக்கும். டைப் 4 டிரைவர் வைத்து நெட்வொர்க் வழியாக, அதாவது டிஆர்டிஏ வழியாகப் போனால் எஸ்க்யூஎல் வேலையில் 60 சதவீதம் வரை ஸிப்புக்குப் போகலாம், ஆனால் பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேச டிசிபி ஐபி சுற்றிக்கொண்டு போகும் கூடுதல் செலவு சேரும். உங்கள் பேட்ச் முக்கால்வாசி டிபி2 என்றால், டைப் 2 வழியில் கோபோலில் இருந்தாலும் ஜாவாவில் இருந்தாலும் அந்த முக்கால்வாசி சிபியை விட்டு நகராது.

அப்புறம் ஸிப் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? சும்மா வரிசையில் நிற்காது. ஐஐபிஹானர்ப்ரையாரிட்டி என்ற செட்டிங் யெஸ் என்று இருந்தால், அதுதான் வழக்கமான நிலை, காத்திருக்கும் வேலையில் ஒரு பகுதியை சிபி இழுத்துச் செய்யும். அது எம்எஸ்யூவில் சேரும். பெட்டியின் ஓட்டத்தை அளக்கும் ஆர்எம்எஃப் டூலின் வொர்க்லோட் ரிப்போர்ட்டில் ஐஐபிசிபி என்று ஒரு வரி வரும், ஸிப்பில் ஓடியிருக்க வேண்டியது எவ்வளவு சிபியில் ஓடியது என்பது அதில் தெரியும். ஜாவாவுக்கு மாறிய பிறகு நான் முதலில் பார்க்கும் வரி அதுதான்.

வேகம் பற்றியும் ஒன்று. சின்ன பெட்டி வாங்கும் கம்பெனிகள் சிபியின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வாங்குவார்கள், விலை அதற்கேற்ப. ஸெட்15 டி02, ஸெட்16 ஏ02 மாதிரிப் பெட்டிகளில் ஏ முதல் ஸெட் வரை 26 வேக நிலைகள் உண்டு. ஆனால் ஸிப் எப்போதும் முழு வேகம். அங்கே சோதனை ஓட்டிப் பார்த்து "ஜாவா கோபோலைவிட வேகம்" என்று ஸ்லைடு போட்டுவிடுகிறார்கள். அது மொழியின் வேகம் அல்ல, இன்ஜினின் வேகம். அதே வேலை சிபிக்குத் தாவினால் ஊர்ந்து போகும்.

இன்சூரன்ஸ் கணக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். கோபோலில் காம்ப்-3 (தசம இலக்கங்களை நெருக்கி அடுக்கும் வகை) என்று அறிவித்த எண்ணை ப்ராஸசரே நேராகக் கூட்டிப் பெருக்கும், அதற்கென்று இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் இருக்கின்றன. ஜாவாவில் தசம எண்ணுக்குப் பிக்டெசிமல் வகை, ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆப்ஜெக்ட். ரவுண்டட் என்று எழுதாவிட்டால் கோபோல் கடைசி இலக்கத்தை வெட்டிவிடும், பிக்டெசிமலில் முடிவில்லாத பின்னம் வரும் வகுத்தலை ஸ்கேல் (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்) சொல்லாமல் செய்தால் எக்ஸப்ஷன் எறியும். இது தெரிந்து எழுதினால் சரி, தெரியாமல் எழுதினால் பைசா கணக்கு இடிக்கும்.

இதைவிட மோசம் வரிசை. மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் சின்ன எழுத்து முதலில், பிறகு பெரிய எழுத்து, எண்கள் கடைசியில். ஜாவா ஸ்ட்ரிங்கில் எண்கள் முதலில், பெரிய எழுத்து அடுத்து, சின்ன எழுத்து கடைசி. பாலிசி எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்திருந்து, இரண்டு ஃபைல்களை கீ வைத்து ஒப்பிட்டுச் சேர்க்கும் ப்ரோகிராம் என்றால், மெயின்ஃப்ரேமில் அடுக்கித் தரும் டிஎஃப்சார்ட் ஒரு வரிசையில் அடுக்கிக் கொடுக்கும், உங்கள் ஜாவா கோட் வேறு வரிசையை எதிர்பார்க்கும், ரெக்கார்டுகள் சத்தமில்லாமல் மேட்ச் ஆகாமல் போகும். அபெண்ட் (ப்ரோகிராம் பாதியில் விழுவது) கூட வராது. டெஸ்ட் டேட்டாவில் எண்கள் மட்டும் இருந்தால் ப்ரொடக்‌ஷன் போகும்வரை பிடிபடவே பிடிபடாது.


மார்த்தாண்டம்_மேம்பாலம்:

அண்ணன்மார் இருவருக்கும் மிகவும் நன்றி. எங்கள் பாலிசி எண் எழுத்தும் இலக்கமும் கலந்ததுதான், படித்ததும் திக்கென்றது. லீடிடம் கேட்டேன், இன்னும் பழைய நாலு மணி நேர முறைதானாம். உச்சம் பெரும்பாலும் அவர்கள் ஊர்க் காலை நேரம், சிஐசிஎஸ். ஆனால் மாதக் கடைசியில் பேட்ச் காலை வரை இழுத்துக்கொண்டு போகும், அந்த நாளில்தான் மாத உச்சம் வருகிறது என்கிறார். அப்படியென்றால் பேட்சைக் குறைத்தால் பயன் உண்டு என்றுதானே அர்த்தம்?


கோட்டாறு_கபாசிட்டி:

உண்டு, ஆனால் கேள்வி மாறிவிட்டது பாருங்கள். இப்போது பிரச்சினை மாதக் கடைசியில் ஓரிரு நாள், காலையில் சிஐசிஎஸ்ஸோடு மோதும் சில ஜாப்கள். அந்த ஜாப்கள் எவை, அவற்றில் அன்றே முடிய வேண்டியது எது, சாயங்காலத்துக்குத் தள்ளக்கூடியது எது என்று ஷெட்யூலரைப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். உச்சத்தில் இருந்து நகர்த்திய வேலைக்கு ஒரு வரி கோட் கூட எழுத வேண்டாம். எல்பாருக்கு (பெட்டியைப் பிரித்த ஒரு தனிப் பகுதி) டிஃபைன்டு கபாசிட்டி என்று வரம்பு வைக்கலாம், ஆனால் வரம்பை முட்டினால் முக்கியமில்லாத வேலைகள்தான் முதலில் மெதுவாகும், அது எந்த வேலை என்று வேலைகளின் முன்னுரிமையைப் பார்க்கும் டபிள்யூஎல்எம்மில் சரியாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிஐசிஎஸ்ஸே திணறும்.


வடசேரி_பழைய_ஆள்:

மக்களே, நான் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆயுசில் பாதி கோபோலோடுதான். தம்பிமார் சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த ப்ரோகிராம்கள் கடைசியாக எந்தக் கம்பைலரில் (எழுதியதைப் பெட்டி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் சாஃப்ட்வேர்) கம்பைல் ஆனவை?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், பல இடங்களில் சோர்ஸை, அதாவது எழுதிய கோடைத் தொடாவிட்டால் லோட் மாட்யூல் (கம்பைல் ஆகி ஓடத் தயாரான வடிவம்) அப்படியே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் பெட்டி வாங்கியிருப்பார்கள், ப்ரோகிராம் மட்டும் பழைய பெட்டிக்கு எழுதிய இன்ஸ்ட்ரக்‌ஷன்களிலேயே ஓடும். 2013-இல் என்டர்ப்ரைஸ் கோபோல் 5 வந்தபோது கோட் உருவாக்கும் பகுதியையே புதிதாக மாற்றினார்கள், ஆர்ச் என்ற ஆப்ஷனில் எந்த மாடலுக்கு என்று சொல்லலாம். ஆர்ச் 12 கொடுத்தால் ஸெட்14-இல் வந்த வெக்டர் பேக்டு டெசிமல் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை எடுத்துக்கொள்ளும், பிரீமியம் கணக்கு மாதிரி காம்ப்-3 நிறைந்த ப்ரோகிராமுக்கு அது நல்ல லாபம். ஒரு வரி மாற்றாமல் சிபியு குறையும். பழைய கோபோல் 4.2-க்கு 2022 ஏப்ரல் 30-ஓடு ஆதரவு முடிந்தது, எப்படியும் மாறத்தான் வேண்டும். சோர்ஸே காணாமல் போன ப்ரோகிராம் என்றால் லோட் மாட்யூலையே எடுத்து மேம்படுத்தும் ஆட்டோமேட்டிக் பைனரி ஆப்டிமைசர் என்ற சாதனமும் உண்டு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. 5-இல் இருந்து லோட் மாட்யூல்களை வைக்கும் லைப்ரரி பிடிஎஸ்இ என்ற வகையாக இருக்க வேண்டும். டிஸாஸ்டர் ரிகவரி (ஆபத்துக்கால மாற்று) சைட்டில் பழைய மாடல் பெட்டி வைத்திருந்தால் அந்த மாடலுக்கு ஏற்ற ஆர்ச்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆபத்து நேரத்தில் அங்கே போய் ஓட்டும்போது புரியாத கட்டளை என்று 0சி1 அபெண்ட் விழும். நியூமெரிக் ஃபீல்டில் ஸ்பேஸ் கிடந்தால் பழைய கம்பைலர் எப்படியோ சமாளித்திருக்கும், புதியது வேறு விடை கொடுக்கலாம். ஆகவே பழைய ரிசல்ட்டையும் புதிய ரிசல்ட்டையும் முழு ஃபைலாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோடுக்குள்ளும் பாருங்கள். லூப்பில் ஏறும் கவுன்டரை டிஸ்ப்ளே யூசேஜில் (இலக்கங்களை எழுத்தாகச் சேமிக்கும் முறை) வைத்திருப்பார்கள், சப்ஸ்கிரிப்டும் (டேபிளில் எத்தனையாவது என்ற எண்) அப்படியே, ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றி சிபியு போகும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் பெரிய டேபிளை இனிஷியலைஸ் செய்வார்கள். டெஸ்டுக்குப் போட்ட எஸ்எஸ்ரேஞ்ச் (டேபிள் எல்லையைச் சோதிக்கும் ஆப்ஷன்) ப்ரொடக்‌ஷன் வரை வந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி செலக்ட் போடும் இடத்தில் ஒரு கர்சர் திறந்து மல்டி ரோ ஃபெட்ச் (ஒரே தடவையில் பல வரிகள்) போட்டால், அது டிபி2 எட்டாம் பதிப்பில் இருந்தே இருக்கிறது, குறைவது கண்ணுக்குத் தெரியும். சிபியுவை அதிகம் தின்னும் ப்ரோகிராம்கள் எந்தக் கம்பெனியிலும் கைவிரல் எண்ணிக்கைதான். அவற்றை மட்டும் எடுத்துச் செய்யுங்கள், ஆயிரம் ப்ரோகிராமையும் மாற்றி எழுதக் கிளம்ப வேண்டாம்.


கருங்கல்_சந்தை:

வடசேரி ஐயா சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பில்லுக்காக ஜாவாவுக்குப் போகாதே என்பது சரி. ஆனால் கோபோலிலேயே இரு என்றால் அடுத்து எழுதுவதற்கு ஆள்? எங்கள் டீமில் புதிதாக வரும் பிள்ளைகள் ஜாவாவும் பைதானும் தெரிந்துதான் வருகிறார்கள். ஆகவே புதிதாக எழுதுவதை, முக்கியமாக மொபைல் ஆப் கூப்பிடும் ஏபிஐ மாதிரி வேலைகளை, ஜாவாவில் எழுதுவது நியாயம். இப்படி ஏபிஐ கொடுக்கும் ஸெட்ஓஎஸ் கனெக்ட் ஜாவாதான், ஸிப்புக்குப் பெரும்பாலும் போகும், பின்னால் இருக்கும் கோபோலைத் தொட வேண்டாம். கோபோலில் எழுதிய ஸ்டோர்டு ப்ரொசீஜர்களை (டிபி2 கூப்பிட்டு ஓட்டும் ப்ரோகிராம்கள்) வெளியில் இருந்து டிஆர்டிஏ வழியாகக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அவற்றை நேட்டிவ் எஸ்க்யூஎல் ப்ரொசீஜராக மாற்றுவதும் பலன் தரும், அந்த வழியில் வருவதில் ஒரு பகுதி ஸிப்புக்குப் போகும். கோபோல் ஸ்டோர்டு ப்ரொசீஜரின் கோபோல் பகுதி போகாது.

கோபோலையே தந்திரமாக ஸிப்புக்குத் தள்ளலாம் என்று யாராவது வந்து சொன்னால் தள்ளி நில்லுங்கள். 2009-இல் நியான் என்ற கம்பெனி ஸீப்ரைம் என்று அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் விற்றது. ஐபிஎம்மோடு கோர்ட்டுக்குப் போய், 2011-இல் அதைச் சந்தையை விட்டே எடுக்க வேண்டியதாயிற்று. தொழில்நுட்பத்தில் முடியும், ஒப்பந்தத்தில் முடியாது. எந்த வேலை ஸிப்பில் ஓடலாம் என்பது லைசென்ஸில் எழுதியிருக்கிறது.


மார்த்தாண்டம்_மேம்பாலம்:

ஐயா, கம்பைல் தேதியைப் பார்த்தேன், பெரும்பாலானவை 4.2 தான், அதற்கும் பழையதும் இருக்கிறது. இதை லீடிடம் சொன்னதும் அவரே உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். கடைசியாக ஒன்று, வீட்டில் இருந்து பழகிப் பார்க்க வழி உண்டா? ஆஃபீஸ் பெட்டியில் சோதனை எல்லாம் செய்ய விட மாட்டார்கள். அப்புறம் அந்த ஜாவா, கோபோல் கேள்வி.


தக்கலை_ஜாவா:

ஐபிஎம் ஸெட் எக்ஸ்ப்ளோர் இலவசம், உண்மையான ஸெட்ஓஎஸ்ஸில் லாகின் கிடைக்கும், விஎஸ் கோடும் ஸோவே எக்ஸ்டென்ஷனும் போதும், மார்த்தாண்டத்தில் வீட்டில் இருந்தே செய்யலாம். லேப்டாப்பிலேயே ஒரு மெயின்ஃப்ரேம் வேண்டும் என்றால் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் ஸெட்ஓஎஸ்ஸின் மூதாதையான எம்விஎஸ் 3.8ஜே ஓடும், மிகப் பழையது, டிபி2 சிஐசிஎஸ் கிடையாது, ஜாப் ஓட்டும் ஜேசிஎல் மொழி கை பழக நல்லது. கோபோல் மொழி மட்டும் என்றால் க்னூகோபோல் கம்பைலர்.

எதைப் படிக்க என்ற கேள்விக்கு என் பதில், இரண்டையும். ஒன்றை விட்டு ஒன்று அல்ல. கோபோலைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஜாவா ஆளுக்கு எங்கள் பக்கம் நல்ல கிராக்கி இருக்கிறது, ஏனென்றால் மாற்றி எழுதும் ப்ராஜெக்டில் பழைய ப்ரோகிராம் என்ன செய்கிறது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதற்கு மேல் ஆர்எம்எஃப் ரிப்போர்ட் படிக்கக் கற்றுக்கொண்டால் கூட்டத்தில் உங்களை யாரும் "அது அப்படித்தான்" என்று சொல்லி உட்கார வைக்க முடியாது.


கோட்டாறு_கபாசிட்டி:

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவுக்கு மாற்றியே தீருவோம் என்று மேலே பிடிவாதம் பிடித்தால், முதலில் ஒரே ஒரு ஜாப்பை மாற்றி டெஸ்ட் எல்பாரில் ஓட்டச் சொல்லுங்கள். சிஸ்டம் ப்ரோகிராமரிடம் ப்ராஜெக்ட்சிபியு செட்டிங்கை யெஸ் ஆக்கச் சொன்னால், அங்கே ஸிப்பே இல்லாவிட்டாலும் எவ்வளவு நேரம் ஸிப்புக்குப் போகத் தகுதியானது என்று ஆர்எம்எஃப்பிலும் ஜாப் பதிவான எஸ்எம்எஃப் 30-இலும் கணக்கு வந்துவிடும். பழைய கோபோல் ஜாப்பின் சிபி நேரம், புதிய கம்பைலரில் கம்பைல் செய்த கோபோலின் சிபி நேரம், ஜாவா ஜாப்பில் சிபியில் மிஞ்சும் நேரம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ரிப்போர்ட் கிடைத்ததும் கிளையன்ட் பெயரையும் ஜாப் பெயரையும் அழித்துவிட்டு எண்களை மட்டும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.